தோல் வெடிப்புக்கு ஆட்டு ரோம மெழுகு: பயனும் பாதுகாப்பும்

மார்கழி, தை மாதங்களில் பனிக்காற்று வீசத் தொடங்கியதும் கறவை மாடு வைத்திருப்போர் வீட்டில் மூன்று இடங்களில் வெடிப்பு காண்கிறது. பால் கறப்பவரின் விரல் கணுக்களில் வெடிப்பு. சேற்றிலும் சாணத்திலும் நிற்கும் பெண்களின் குதிகாலில் வெடிப்பு. பசுவின் காம்பில் வெடிப்பு. மூன்றுக்கும் களிம்பு வாங்கக் கடைக்குப் போனால், குழாயின் மேலுள்ள பட்டியலில் "லனோலின்" என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். முகத்துக்குப் பூசும் கிரீம், குழந்தைக்குப் பூசும் களிம்பு, உதட்டு மெழுகு ஆகியவற்றிலும் இது சேர்கிறது.

லனோலின் என்பது ஆலையில் இரசாயனங்களைக் கூட்டிச் செய்த பொருள் அல்ல. செம்மறியாட்டின் ரோமத்தில் ஊறும் மெழுகுதான் அது. ஆடு வளர்ப்பவர் கையில் தொடங்கிப் பால் குடிக்கும் குழந்தையின் வாய் வரை போகும் பொருள் என்பதால் இதைப் பற்றி விவசாயிகள் தெரிந்து கொள்வது அவசியம். இது நல்ல பொருள்தானா, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, எதைப் பார்த்து வாங்குவது என்பவற்றை இங்கே காணலாம்.

ரோமத்தில் ஊறும் மெழுகு

செம்மறியாட்டின் தோலில், ரோமக்கால்களை ஒட்டிச் சிறு சுரப்பிகள் உள்ளன. இவற்றிலிருந்து ஊறும் மெழுகு ரோமத்தின் மேல் படிந்து, மழையும் பனியும் ஆட்டின் தோலைத் தாக்காமல் காக்கிறது. பேச்சு வழக்கில் இதைக் கம்பளிக் கொழுப்பு என்கிறார்கள். உண்மையில் இது கொழுப்பு வகையைச் சேர்ந்ததல்ல. தேங்காய் எண்ணெய், நெய் போன்றவற்றில் உள்ள கிளிசரின் இதில் இல்லை. தேன்மெழுகைப் போன்று இதுவும் ஒரு மெழுகு. ஆனால் தேன்மெழுகு கெட்டியாக இருக்கும். இது மஞ்சள் நிறத்தில், பசை போல ஒட்டும். சுமார் 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும்.

ஆட்டு இனத்தைப் பொறுத்து, கத்தரித்த ரோமத்தின் எடையில் 5 முதல் 25 சதவிகிதம் வரை இம்மெழுகு இருக்கும். மென்மையான ரோமம் தரும் மெரினோ இனத்தில் அதிகம். ஆகவே உலகில் லனோலின் தொழில் மெரினோ ரோமத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அத்தகைய ரோமத்தைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கின்றன.

நூற்பதற்கு முன் ரோமத்தைச் சுடுதண்ணீரிலும் சலவைப் பொருளிலும் அலசுகிறார்கள். அழுக்கு, மண், வியர்வை உப்பு ஆகியவற்றுடன் மெழுகும் தண்ணீரில் இறங்குகிறது. பால் பண்ணையில் பாலைச் சுழலவிட்டுப் பாலேட்டைத் தனியே பிரிப்பது போலவே, இந்த அழுக்குத் தண்ணீரையும் சுழல் இயந்திரத்தில் விட்டு மெழுகைத் தனியே எடுக்கிறார்கள். முன்பு சாக்கடையில் விட்டு ஆற்றைக் கெடுத்த கழிவு இப்போது விலை போகும் பண்டமாகிவிட்டது. அப்படி எடுத்த மெழுகு கரும்பழுப்பாக, ஆட்டு வாடையுடன் இருக்கும். அமிலம் நீக்கி, வெளுத்து, வாடை போக்கிய பிறகே அதற்கு லனோலின் என்ற பெயர் பொருந்தும்.

நம் ஆடுகளில் ஏன் கிடைப்பதில்லை?

தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆகிய இனங்கள் எல்லாம் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. இவற்றின் உடலில் இருப்பது குட்டையான முடியே. கத்தரித்து நூற்கும் ரோமம் இல்லை. மேச்சேரி ஆடு தோலுக்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூர் ஆடும் திருச்சிக் கருப்பு ஆடும் ரோமம் தந்தாலும் அது முரட்டு ரகம். கம்பளிக்கும் விரிப்புக்கும் ஏற்றது. அதில் மெழுகு குறைவு.

விதிவிலக்காக இருப்பது நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது இது. மென்மையான ரோமம் தருவது. இதன் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டதால், உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இனத்தைக் காத்து வருகிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசு நிலையத்தில் பாரத் மெரினோ ஆடுகள் உள்ளன. ஆனாலும் ஒரு தொழிற்சாலை வைத்து மெழுகு எடுக்கும் அளவுக்கு இங்கு ரோமம் சேர்வதில்லை.

எனினும் நம் பண்ணைகளுக்கும் இம்மெழுகுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தீவனத்துடன் வைட்டமின் டி-3 சேர்க்கிறார்கள். முட்டை ஓடு உறுதிப்பட இது தேவை. இந்த வைட்டமின் பெரும்பாலும் ஆட்டு ரோம மெழுகிலுள்ள கொலஸ்டிரால் என்னும் பொருளைப் பிரித்து, அதை மாற்றி, புற ஊதாக் கதிரில் வைத்துத் தயாரிக்கப்படுகிறது. எங்கோ மேய்ந்த ஆட்டின் மெழுகு இங்குள்ள முட்டையின் ஓட்டுக்குத் துணை நிற்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் சேருவது எப்படி?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோரும் அறிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றித் தெளிக்கும்போது, சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்துவிடும். சோப்பு சேர்த்துக் கலக்கினால் கரைசல் பால் போல வெளுத்துவிடுகிறது. எண்ணெய் மிகச் சிறு துளிகளாக உடைந்து தண்ணீரில் பரவி நிற்பதே இதற்குக் காரணம். இப்படிச் சேர்ந்த கலவையைப் பால்மம் என்றும், சேர்த்து வைக்கும் பொருளைப் பால்மமாக்கி என்றும் கூறுவர்.

பால்மம் இரு வகைப்படும். பாலில் தண்ணீர் அதிகம். அதனுள் கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. வெண்ணெயில் கொழுப்பு அதிகம். அதனுள் தண்ணீர்த் துளிகள் அடைபட்டுள்ளன. சோப்பு சேர்த்த வேப்பெண்ணெய்க் கரைசல் பாலைப் போன்றது. லனோலின் செய்யும் பால்மம் வெண்ணெயைப் போன்றது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கரண்டி லனோலினைத் தட்டில் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தால், தண்ணீர் உள்ளே இழுபட்டு மஞ்சள் பசை வெண்மையான களிம்பாக மாறும். தன் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரை இது ஏற்கும். தேங்காய் எண்ணெயில் இப்படிச் செய்தால் கைவிட்ட உடனே பிரிந்துவிடும். வாஸலின் என்று நாம் சொல்லும் மண்ணெண்ணெய் இனத்துக் களிம்பும் தண்ணீரை ஏற்காது. அதனுடன் சிறிது லனோலின் சேர்த்தால் ஏற்கும்.

சோப்புக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சோப்பு எண்ணெயைத் தண்ணீருடன் சேர்ப்பதால்தான் தோலில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையையும் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவும் கை வறண்டு வெடிப்பது இதனால்தான். லனோலினோ தண்ணீரைச் சேர்த்துக் கொண்டு, எண்ணெய்ப் பசையையும் தோலில் விட்டுவைக்கிறது. பால்மமாக்கியும் இதுவே, தோலை இளக்கும் பொருளும் இதுவே. ஒரே பொருள் இரண்டு வேலையையும் செய்வதே இதன் சிறப்பு.

பழைய பொருள், புதிய பெயர்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரும் ரோமானியரும் ரோமத்தை அலசி இம்மெழுகை எடுத்துப் பூசினர். டயஸ்கோரிடிஸ், பிளினி ஆகியோர் தம் நூல்களில் இதைக் குறிப்பிட்டுள்ளனர். ஆனால் வாடை வீசியதால் பின்னர் மறக்கப்பட்டது.

1882-ல் ஜெர்மனியில் ஆட்டோ பிரவுன், ஆஸ்கார் லீப்ரைஷ் ஆகிய இருவரும் இதைச் சுத்தப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். லத்தீன் மொழியில் "லானா" என்றால் கம்பளி, "ஓலியம்" என்றால் எண்ணெய். இரண்டும் சேர்ந்து லனோலின் ஆயிற்று. பின்னர் ஐசக் லிப்ஷூட்ஸ் என்ற வேதியியலார், இம்மெழுகில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பகுதியைத் தனியே பிரித்தெடுத்தார். அதைக் கொண்டு 1911-ல் ஹாம்பர்க் நகரில் நிவியா கிரீம் செய்யப்பட்டது. கெடாமல், பிரியாமல் பெட்டியில் நிற்கும் கிரீம்களுக்கு அது முன்னோடி.

தோலில் இது செய்யும் வேலை

தோலின் மேல் அடுக்கு, செங்கல் அடுக்கிச் சாந்து பூசிய சுவரைப் போன்றது. செத்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சோப்பு, சாணம், சுண்ணாம்பு, உரம், பனிக்காற்று ஆகியவை சாந்தை அரித்துவிட்டால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிறது. தோல் விறைக்கிறது, மடக்கும் இடத்தில் வெடிக்கிறது. மனிதத் தோலின் சாந்தில் உள்ள கொலஸ்டிரால் லனோலினிலும் இருக்கிறது. எனவே இது தோலுடன் ஒட்டி, ஈரம் ஆவியாவதைக் குறைத்து, தோல் தானே ஆறுவதற்கு இடம் கொடுக்கிறது.

இது வெடிப்பை ஆற்றும் மருந்து அல்ல. ஆறுவதற்கு உதவும் பூச்சு. கிருமியைக் கொல்லும் சக்தி இதற்கு இல்லை. படர்தாமரை, சேற்றுப்புண், சீழ்ப்புண் ஆகியவற்றின் மேல் இதைப் பூசிக் கொண்டு காத்திருந்தால் நோய் வளரும். நீரிழிவு உள்ளவர்கள் பாத வெடிப்பை மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் களிம்பையும் பூசக் கூடாது.

ஆட்டின் மேல் தெளித்தது எங்கே போகிறது?

லனோலினின் பாதுகாப்பைப் பற்றிய முதல் கேள்வி ஆட்டுக் கிடையிலேயே எழுகிறது. குளிர் நாடுகளில் செம்மறியாடுகளைச் சொறிப்பூச்சியும் ஈப்புழுவும் பேனும் வாட்டும். சொறி கண்ட ஆடு ரோமத்தை இழந்து மெலியும். இதற்காக ஆடுகளை மருந்துத் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி., டீல்ட்ரின் போன்றவை இதற்குப் பயன்பட்டன. அவற்றை விலக்கிய பிறகு டயசினான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும், பின்னர் சைபர்மெத்ரின் போன்றவையும் வந்தன. பிரிட்டனில் 1976 முதல் 1992 வரை சொறி ஒழிப்புக்காக ஆடுகளை மருந்துக் குளியலில் இறக்குவது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. அந்த வேலையைச் செய்த விவசாயிகள் பலர் தங்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் நீங்காத சோர்வும் ஏற்பட்டதாகப் புகார் கூறினர்.

இம்மருந்துகள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் எளிதில் கரையாதவை. ஆட்டின் மேல் ஊற்றிய மருந்து ரோம மெழுகில் கரைந்து தங்கிவிடுகிறது. ரோமத்தை அலசும்போது மெழுகோடு சேர்ந்தே வெளியேறுகிறது. ரோமம் சுத்தமாகிறது, மருந்து எச்சம் முழுவதும் சிறிய அளவு மெழுகில் திரள்கிறது. அந்த மெழுகைத்தான் கையிலும் முகத்திலும் பூசுகிறோம்.

இதைக் கருதி 1992-ல் அமெரிக்க மருந்துத் தர நூலில் லனோலினுக்கு முதன்முதலாக எச்ச வரம்பு விதிக்கப்பட்டது. பொது உபயோக லனோலினில் எல்லாப் பூச்சிமருந்து எச்சமும் சேர்ந்து பத்து லட்சத்தில் 40 பங்குக்கு மேற்படக் கூடாது. எந்த ஒரு மருந்தும் 10 பங்கைத் தாண்டக் கூடாது. புண்பட்ட தோல் போன்ற இடங்களுக்கு உரிய மேலான சுத்த வகைக்கு மொத்தம் 3 பங்கு, தனித்தனியே 1 பங்கு என்பது வரம்பு. 2000-ல் ஐரோப்பிய மருந்துத் தர நூலிலும் இத்தகைய வரம்பு சேர்ந்தது. இப்போது நல்ல ஆலைகளில் எச்சத்தை ஈர்க்கும் பொருள்களைக் கொண்டும், வெற்றிடத்தில் காய்ச்சியும் மெழுகைச் சுத்தம் செய்கிறார்கள். மருந்துத் தர லனோலினைக் குறித்து அச்சப்படத் தேவையில்லை. பெயர் தெரியாத பீப்பாயிலிருந்து எடுத்து விற்கும் கரும்பழுப்பு மெழுகு கம்பிக்கும் கருவிக்கும் துருப்பிடிக்காமல் பூச உதவலாம், உடம்புக்கு ஆகாது.

ஒவ்வாமை யாருக்கு?

இரண்டாவது கேள்வி ஒவ்வாமை. அழகுப் பொருள்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு, லனோலினும் அதைச் சார்ந்த பொருள்களும் வழக்கமான அளவில் பாதுகாப்பானவை என்று 1980-ல் கூறியது. ஆயினும் சிலருக்கு இது பூசிய இடத்தில் அரிப்பும் தடிப்பும் நீர்க்கொப்புளமும் உண்டாகின்றன. 2023-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று, மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக லனோலினைத் தேர்ந்தெடுத்தது.

இதைக் கேட்டு எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. தோல் நோய்க்காகச் சிகிச்சைக்கு வந்து சோதிக்கப்பட்டவர்களிலேயே நூற்றுக்குச் சில பேருக்குத்தான் இது ஒத்துக்கொள்வதில்லை. மற்றவர்களில் இது இன்னும் குறைவு. யாருக்கு அதிகம் வரும் என்பதும் தெரிந்ததே. காலில் ஆறாத நாட்பட்ட புண் உள்ளவர்கள், கரப்பான் என்னும் தோல் அழற்சி உள்ளவர்கள் ஆகியோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெழுகிலுள்ள கட்டற்ற ஆல்கஹால் பகுதியும், அலசும்போது தங்கிவிட்ட சலவைப் பொருளுமே ஒவ்வாமைக்குப் பெரிதும் காரணம் என்று கண்டு, அவற்றைக் குறைத்த வகைகளும் செய்யப்படுகின்றன.

இதில் ஒரு விந்தை உண்டு. நல்ல தோலில் பூசிப் பார்த்தால் ஒன்றும் செய்யாத லனோலின், அதே ஆளின் புண்பட்ட தோலில் ஒவ்வாமையைத் தரலாம். ஆகையால் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்று புண்ணின் மேல் தாராளமாகப் பூசுவது சரியல்ல.

கம்பளி போர்த்தினால் உடம்பு அரிப்பவர்கள் தங்களுக்கு லனோலின் ஆகாது என்று நினைப்பதுண்டு. முரட்டு ரோமத்தின் முனை தோலில் குத்துவதே அந்த அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம். இரண்டும் வேறு வேறு.

பாலூட்டும் தாய்மார்களுக்கு

முதல் பிள்ளை பெற்ற தாய்மார்களில் பலருக்கு மார்புக் காம்பில் வெடிப்பு ஏற்பட்டுப் பால் கொடுப்பதே வேதனையாகிவிடுகிறது. இதற்கு மிகச் சுத்தமான லனோலின் சிறு குழாய்களில் விற்கப்படுகிறது. பால் கொடுக்குமுன் இதைத் துடைக்க வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் குழந்தையின் வாய்க்குள் போகும் பொருள் என்பதால் எச்ச வரம்பு இங்கேதான் மிக முக்கியம். இதற்கென்றே தயாரித்த சுத்த வகையைத் தவிர வேறு எந்தக் களிம்பையும், மாட்டுக் காம்புக்கு வாங்கியதையும், வீட்டில் செய்ததையும் இங்கே பூசக் கூடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றும் பூசாமல் விடுவதும் அல்லது தாயின் பாலையே சில துளிகள் தடவி விடுவதும் களிம்புக்குச் சமமான பலன் தரலாம். குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வும்படி பிடித்துக் கொள்வதே முதல் வைத்தியம். கிராம செவிலியர் இதைப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுப்பார். அதற்குச் செலவில்லை.

கறவை மாட்டுக் காம்புக்கு

காம்பு வெடித்த பசு பால் கறக்க விடாது, உதைக்கும். கறவை பாதியில் நிற்கும். வெடிப்பில் கிருமி தங்கி, பால் துளை வழியே மடிக்குள் புகுந்து மடிநோயை உண்டாக்கும். ஆகவே காம்பின் தோலை மென்மையாக வைத்திருப்பது மடிநோய்த் தடுப்பில் ஒரு பகுதி. கறந்த பின் காம்பை நனைக்கும் அயோடின் கரைசல்களில் கிளிசரின் அல்லது லனோலின் சேர்ப்பது இதற்காகத்தான். அயோடின் கிருமியைக் கொல்லும். மற்றது தோலைக் காக்கும்.

இங்கே செய்யும் தவறு, கறப்பதற்கு முன்பு எண்ணெயோ வெண்ணெயோ களிம்போ தடவிக் கொண்டு வழுக்கலாகக் கறப்பது. இதனால் கையிலுள்ள அழுக்கும் கிருமியும் காம்பில் பரவும், பாலிலும் சேரும். கட்டை விரலை மடக்கி அதன் கணுவால் நசுக்கிக் கறப்பதும் காம்பைப் புண்ணாக்கும். சரியான முறை வருமாறு:

கறக்கும் முன் மடியையும் காம்பையும் கழுவிச் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். உலர்ந்த கையால், ஐந்து விரலும் காம்பைச் சுற்றிப் படும்படி முழுக்கை முறையில் கறக்க வேண்டும். கறந்து முடித்த பிறகே கிருமிநாசினிக் கரைசலில் காம்பை நனைக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் கரைசல் உலர்ந்த பின் களிம்பைப் பயறளவு எடுத்து மெல்லத் தடவலாம். அடுத்த வேளை கறக்குமுன் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

காம்பில் கொப்புளமோ பொருக்கோ கண்டாலும், பாலில் திரி திரியாக வந்தாலும், மடி சுட்டாலும் அது களிம்புக்கு உரிய காரியம் அல்ல. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைக்கும் காலுக்கும் களிம்பு

வெடிப்பில்லாத வறண்ட கைக்கும், குதிகாலுக்கும் வீட்டிலேயே எளிய களிம்பு செய்யலாம். மருந்துக் கடையில் சொல்லி, "ஐ.பி." தரம் குறித்த தண்ணீர் சேராத லனோலின் 50 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம், சுத்தமான தேன்மெழுகு 10 கிராம் வாங்கிக் கொள்ளவும். மூன்றையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் உள்ள பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. உருகியதும் கலக்கி, நன்றாக உலர்ந்த டப்பியில் ஊற்றி ஆறவிட வேண்டும்.

இதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் களிம்பு வெண்மையாகவும் மென்மையாகவும் ஆகும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் உள்ள இடத்தில் பூஞ்சாளமும் கிருமியும் வளரும். கடையில் விற்கும் கிரீம்களில் அதற்கென்று கெடாமல் காக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். வீட்டில் அது முடியாது. கற்றாழைச் சோறு, மஞ்சள் விழுது, பால் ஆகியவற்றைக் கலப்பதும் இதே காரணத்தால் தவறு.

பூசும் முறையில்தான் பலன் இருக்கிறது. இரவு வேலை முடிந்ததும் காலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் களிம்பைத் தடவ வேண்டும். தோலில் ஏறிய ஈரத்தை மெழுகு உள்ளேயே பூட்டி வைக்கும். காய்ந்து விறைத்த தோலில் பூசினால் பாதிப் பலன்தான்.

கவனிக்க வேண்டியவை

* முதன்முதல் உபயோகிப்பவர்கள் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு காசளவு இடத்தில் காலை, மாலை ஒரு வாரம் பூசிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிட வேண்டும்.

* ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டியலில் லனோலின், லனோலின் ஆல்கஹால், வூல் பேட், வூல் ஆல்கஹால், வூல் வாக்ஸ் என்ற பெயர்களைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இங்கே ஆல்கஹால் என்பது சாராயம் அல்ல. மெழுகின் ஒரு பகுதி.

* மருந்துக் கடையில் கலந்து தரும் சாதாரண களிம்பிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு இம்மெழுகு இருப்பதுண்டு. ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

* முகத்தில் எண்ணெய் வடிந்து பரு வருபவர்கள் முகத்துக்குத் தவிர்ப்பது நல்லது.

* சித்திரை வெயிலில் தண்ணீரில்லாத களிம்பு இளகினாலும் கெட்டுவிடாது. ஆறினால் மீண்டும் இறுகும். கிரீம் உருகித் தண்ணீர் தனியே பிரிந்துவிட்டால் அதை உபயோகிக்கக் கூடாது.

* எந்த எண்ணெய்க் களிம்பும் துணியில் ஊறிக் காய்ந்தால் அத்துணியில் தீ எளிதில் பற்றும், வேகமாகப் பரவும். துவைத்தாலும் முழுவதும் போவதில்லை. பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதைக் குறித்து எச்சரித்துள்ளது. களிம்பு பூசிய கையுடனும், களிம்பு ஊறிய சேலை முந்தானையுடனும் அடுப்பருகில் போவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆடு வளர்ப்போர் பங்கு

ரோமம் கத்தரிக்கும் நாடுகளில், மருந்து தெளித்த நாளிலிருந்து இத்தனை நாள் கழித்தே கத்தரிக்க வேண்டும் என்று மருந்துக்கு மருந்து கெடு விதித்திருக்கிறார்கள். கத்தரித்த உடனே, ரோமம் குட்டையாக உள்ளபோது மருந்து விட்டால் அடுத்த கத்தரிப்பில் எச்சம் மிகக் குறைவு. ரோமம் நீண்ட பின் விட்டால் அதிகம் தங்கும். நீலகிரி ஆடு வளர்ப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சமவெளியில் ரோமத்துக்காக ஆடு வளர்ப்பதில்லை என்றாலும் பாடம் ஒன்றுதான். உண்ணிக்கும் பேனுக்கும் மருந்து தெளிக்கும்போது கால்நடை மருத்துவர் கூறிய அளவுக்கு மேல் கலக்கக் கூடாது. பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை ஆட்டின் மேல் தெளிக்கவே கூடாது. மருந்து தெளித்த ஆட்டை, லேபிளில் குறித்த நாட்கள் கழியும் முன் இறைச்சிக்கு விற்கக் கூடாது. தெளிப்பவர் கையுறையும் முகத்துணியும் அணிந்து, காற்றுக்கு எதிரே நிற்காமல் வேலை செய்ய வேண்டும்.

ரோமத்தில் தங்கியது மெழுகில் சேருகிறது. கொழுப்பில் தங்கியது இறைச்சியிலும் பாலிலும் சேருகிறது. ஆலையில் எவ்வளவு சுத்தம் செய்தாலும், எச்சம் இல்லாத மெழுகு கிடையில் அளவறிந்து மருந்து தெளித்தவரிடமிருந்தே தொடங்குகிறது. லனோலின் தோலுக்கு ஏற்ற நல்ல பொருளே. தரம் பார்த்து வாங்கி, சோதித்துப் பார்த்து, உரிய இடத்தில் மட்டும் பூசுபவர்களுக்கு அது பனிக்காலம் முழுவதும் கை கொடுக்கும்.